விசைப்பலகை இல்லாத கணினி: தில்லிப் பிள்ளைகளும் இணையத் தேடலும்

1999 ஜனவரி 26, குடியரசு நாள். தெற்குத் தில்லியின் கல்காஜியில், என்.ஐ.ஐ.டி. நிறுவன அலுவலகத்துக்கும் அதை ஒட்டியிருந்த குடிசைப் பகுதிக்கும் இடைப்பட்ட சுவரில் துளையிட்டு, இணைய இணைப்புள்ள கணினி ஒன்றைப் பொருத்தினார்கள். அந்நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவை நடத்திவந்த சுகதா மித்ரா, ஐ.ஐ.டி. தில்லியில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். பிள்ளைகளுக்கு எந்த அறிவுறுத்தலும் தரப்படவில்லை. ஆசிரியர் எவரும் அமர்த்தப்படவில்லை. சில மணி நேரத்திலேயே, பள்ளிக்கு ஒழுங்காகச் செல்லாத, ஆங்கிலம் அறியாத பிள்ளைகள் இணையப் பக்கங்களைத் திறந்து உலாவத் தொடங்கினர். ‘சுவரில் ஒரு துளை’ என்ற பெயரில் இந்தக் கதை உலகெங்கும் பரவியது. ‘கேள்வியும் பதிலும்’ என்ற தம் 2005ஆம் ஆண்டு நாவலுக்கு இந்தச் சோதனையும் ஒரு தூண்டுதல் என்று விகாஸ் ஸ்வரூப் கூறியுள்ளார். அந்த நாவல்தான் பின்னர் ‘ஸ்லம்டாக் மில்லியனேர்’ திரைப்படமாயிற்று.

கதையைத் திரும்பச் சொல்வோர் பெரும்பாலும் ஒரு சிறு விவரத்தைக் கடந்துபோய்விடுகிறார்கள். அந்தக் கணினிக்கு விசைப்பலகை இல்லை. சுவருக்கு வெளியே கையெட்டும்படி இருந்தது சுட்டியை நகர்த்தும் கருவி மட்டுமே. சொடுக்கலாம், இழுக்கலாம், ஒரு பக்கத்திலிருந்து மற்றொரு பக்கத்துக்குத் தாவலாம், எழுத முடியாது. தேடுபொறியின் பெட்டியில் ஒரு சொல்லை இடுவதற்கு அந்தப் பிள்ளைகளுக்கு வழி ஏதும் தரப்படவில்லை.

அக்காலத்து இணையத்தை நினைவில் கொண்டால் இது ஓரளவு விளங்கும். கூகுள் நிறுவனம் 1998 செப்டம்பரில்தான் பதிவுபெற்றது. கல்காஜிச் சுவர் துளைக்கப்பட்டபோது அதற்கு வயது சில மாதங்கள். ஆல்டாவிஸ்டா போன்ற தேடுபொறிகள் இருந்தன என்றாலும், பலருக்கும் இணையம் என்பது யாஹூ போன்ற பொருள்வாரி அடைவுகளின் வழியாகவே அறிமுகமானது. இந்தியத் தளங்களுக்கு அப்படியோர் அடைவு ‘கோஜ்’ என்ற பெயரில் இருந்தது. ராஜேஷ் ஜெயினின் இந்தியாவேர்ல்டு நிறுவனத்துக்குச் சொந்தமானது. இந்தியில் அச்சொல்லுக்குத் ‘தேடல்’ என்று பொருள். பெயர் தேடலாக இருந்தபோதிலும் அங்கே நடந்தது பெரும்பாலும் கிளை கிளையாக இறங்கிச் சொடுக்குவதுதான். ஆகவே சொடுக்கத் தெரிந்தால் இணையம் தெரியும் என்ற எண்ணம் 1999இல் முற்றிலும் பிழையானதன்று. ஆனால் அடுத்த ஐந்தாண்டுகளுக்குள் அடைவுகள் மங்கித் தேடல் பெட்டியே இணையத்தின் வாசலானபோதும் அந்த எண்ணம் மாறவில்லை. பின்னர் வந்த கல்விக் கொள்கைப் பேச்சுகளுள் பலவற்றின் அடியில் இந்தப் பழைய எண்ணம் கிடக்கிறது.

பிள்ளைகள் எழுதாமலும் விட்டுவிடவில்லை. ஒரு நாள் அந்தக் கணினியின் முகப்பில் ஒரு கோப்பு கிடந்தது. பெரிய வண்ண எழுத்துகளில், இந்தியாவைத் தாம் நேசிப்பதாக ஆங்கிலத்தில் ஒரு வரி. விசைப்பலகை இல்லாமல் இது எப்படி என்று மித்ரா வியந்து விசாரித்தபோது, அக்கம்பக்கத்து எட்டு வயதுச் சிறுவன் வழியைக் காட்டினான். மென்பொருளுக்குள் ஒளிந்திருந்த எழுத்து அட்டவணையைப் பிள்ளைகள் கண்டுபிடித்து, அதிலிருந்து ஓரோர் எழுத்தாகப் பொறுக்கி வரியைக் கோத்திருந்தார்கள். மித்ராவே 2000ஆம் ஆண்டு நேர்காணல் ஒன்றில் இதைச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகளின் அறிவுக்கூர்மைக்குச் சான்றாகவே இது வழக்கமாக எடுத்தாளப்படுகிறது, அது உண்மையும்கூட. ஆயினும் ஒரு வரிக்கு அவ்வளவு பாடு படவேண்டிய கருவியைக் கொண்டு எவரும் ஒரு நாளைக்குப் பத்து கேள்விகளைத் தேட மாட்டார்கள்.

மொழியியல் மாணவர்களுக்கு இந்தச் சோதனையின் சுவையான பகுதி பிள்ளைகள் உருவாக்கிக்கொண்ட சொற்கள். சுட்டியின் அம்புமுனைக்கு அவர்கள் இட்ட பெயர் ‘சுயீ’, அதாவது ஊசி. கணினி வேலையாயிருக்கும்போது தோன்றும் மணற்கடிகைக்கு ‘டமரு’, சிவபெருமான் கையிலிருக்கும் உடுக்கை. மணற்கடிகையை வாழ்வில் கண்டிராத பிள்ளைகள், இடை சிறுத்த அவ்வுருவத்தைத் தங்களுக்குத் தெரிந்த பொருளோடு பொருத்திக்கொண்டார்கள். இணையத்தளத்துக்கோ தொலைக்காட்சியிலிருந்து எடுத்த ‘சானல்’. மூன்றும் உருவத்தாலோ பயனாலோ அமைந்த ஆகுபெயர் வகை. ‘சானல்’ என்ற சொல் கூடுதலாக ஒன்றைக் காட்டிக்கொடுக்கிறது. தொலைக்காட்சியில் எவரும் தேடுவதில்லை. மாற்றிக்கொண்டே போவார்கள், பிடித்தது வந்ததும் நிற்பார்கள். டிஸ்னியின் தளத்தில் அந்தப் பிள்ளைகள் நின்றதும் அப்படித்தான்.

மித்ரா குறிப்பிடும் இன்னொரு நிகழ்ச்சி இதைவிட முக்கியமானது. உடல்நலம், கிரிக்கெட், செய்தி, கல்வி என்று பிள்ளைகள் விரும்பக்கூடிய தளங்களுக்கு இட்டுச்செல்லும் இந்தி முகப்பு ஒன்றைத் தயாரித்துக் கணினியில் போட்டார்கள். பிள்ளைகள் அதை மூடிவிட்டு ஆங்கில உலாவிக்கே திரும்பினார்கள். ஆங்கிலச் சொற்களின் அகராதிப் பொருள் அவர்களுக்குத் தெரியாது, ஆனால் அச்சொல் என்ன செய்யும் என்பது தெரியும் என்று மித்ரா இதை விளக்கினார். ‘ஃபைல்’ என்று படிக்கத் தெரியாத பிள்ளைக்கு, அதைத் தொட்டால் சேமிப்பதும் திறப்பதும் உள்ளே கிடைக்கும் என்று தெரியும்.

இந்த விளக்கம் கூர்மையானது. பட்டிப்பொறியில் உள்ள சொல் ஒரு பொத்தான். அதற்கு ஒலிப்பு வேண்டாம், பொருள் வேண்டாம். இடமும் வடிவமும் போதும். அங்கே ஆங்கிலம் இருந்தாலும் கிரேக்கம் இருந்தாலும் ஒன்றே. ஆனால் தேடல் பெட்டி காலியானது. அதில் இடவேண்டிய சொல் திரையில் இல்லை. தேடுபவர் மனத்திலிருந்து வரவேண்டும். அதுவும், எங்கோ ஒருவர் எழுதிவைத்த பக்கத்தில் உள்ள சொல்லோடு ஒத்துப்போகும் சொல்லாக இருக்கவேண்டும். சொல் இங்கே பொத்தானாக இருப்பதை விட்டு மறுபடியும் சொல்லாகிறது. கல்காஜிப் பிள்ளைகள் காட்டிய திறனும் தேடலுக்கு வேண்டிய திறனும் ஒரே ஏணியின் கீழ்ப்படியும் மேல்படியும் அல்ல. இரண்டும் வெவ்வேறு ஏணிகள்.

பிள்ளைகளின் கணினித் தேர்ச்சியை அளக்க ஆய்வாளர்கள் கையாண்ட கருவியைப் பார்த்தாலும் இது தெரியும். திரையில் காணும் சின்னங்களைக் காட்டி, ஒவ்வொன்றும் என்ன பயன் தருவது என்று கேட்கும் தேர்வு அது, 77 சின்னங்கள். பல ஊர்களில், பல மாதங்கள் நடத்தப்பட்ட அந்த அளவீட்டில் பிள்ளைகளின் மதிப்பெண் சீராக உயர்ந்தது. அளந்தது சின்னங்களை, கேள்வி கேட்கும் திறன் அந்தக் கருவியின் எல்லைக்குள் வரவே இல்லை. இது ஆய்வாளர்களின் கவனக்குறைவு என்று சொல்வது நியாயமாகாது. அன்றைய வினா கணினியை இயக்கக் கற்பது பற்றியதாக இருந்தது. அளக்கப்படாத திறனும் வந்துவிட்டதாகப் பிற்பாடு எடுத்துக்கொண்டவர்கள்தான் பதில் சொல்லவேண்டியவர்கள்.

சொல் ஒத்துப்போவது எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. ஜார்ஜ் ஃபர்னாஸும் உடனாய்வாளர்களும் 1987இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரே பொருளுக்கு இருவர் இயல்பாகத் தேர்ந்தெடுக்கும் பெயர் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு 20 விழுக்காட்டுக்கும் குறைவு என்று காட்டினார்கள். அவர்கள் ஆராய்ந்தது ஒரே மொழி பேசும் பெரியவர்களை. தில்லிச் சிறுமி ஒருத்திக்கும் அவள் தேடும் பக்கத்தை எழுதியவருக்கும் இடையில் மொழி, எழுத்து, வயது, வகுப்பு என நான்கு மதில்கள்.

ஓர் எடுத்துக்காட்டு போதும். மழைக்காலம் முடிந்து சட் பூஜை நெருங்கும் நாள்களில், ஓக்லா தடுப்பணைக்குக் கீழே காளிந்தி குஞ்சில் யமுனை முழுதும் வெண்ணுரை மிதக்கும். அருகில் வாழும் பிள்ளை எதுவும் கேட்கக்கூடிய கேள்வி, ஆற்றில் நுரை ஏன் என்பது. அவள் அறிந்த சொல் ‘ஜாக்’, நுரை. விடை எழுதப்பட்டிருக்கும் பக்கங்களிலோ பாஸ்பேட்டு, பரப்பு இழுவிசையைக் குறைக்கும் சலவைப் பொருள்கள், சுத்திகரிக்காத கழிவுநீர், தடுப்பணையிலிருந்து நீர் விழும் வேகம் என்பவை பேசப்படும். ‘நுரை’ என்று தொடங்கி ‘சலவைத்தூள்’ வரை போவது ஒரு படி. அங்கிருந்து ‘பாஸ்பேட்டு’ வரை போவது இன்னொரு படி. முதல் தேடலில் கிடைத்த பக்கத்திலிருந்து இரண்டாம் தேடலுக்கு உரிய சொல்லைப் பொறுக்கியெடுப்பதே தேடும் கலையின் பாதி. அதை எவரேனும் ஒரு முறை செய்து காட்டவேண்டும்.

1999இல் இந்த இடர்ப்பாட்டுக்கு எழுத்துச் சிக்கலும் சேர்ந்துகொண்டது. இந்தி நாளிதழ்கள் தம் இணையப் பதிப்புகளில் தத்தமக்கெனத் தனி எழுத்துருக்களைப் பயன்படுத்தின. கண்ணுக்குத் தேவநாகரியாகத் தெரிந்தது, தேடுபொறிக்கு ரோமன் எழுத்துகளின் பொருளற்ற குவியல். தமிழிலும் இதே நிலைதான். கல்காஜிச் சோதனை தொடங்கி இரண்டு வாரங்கள் ஆவதற்குள், 1999 பிப்ரவரியில் சென்னையில் ‘தமிழ்நெட் 99’ மாநாடு கூடியது. எழுத்துருக் குறியேற்றத்தையும் விசைப்பலகையையும் தரப்படுத்தும் முயற்சி அங்கே நடந்தது. இரு நகரங்களும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே சிக்கலின் இரு முனைகளைப் பிடித்திருந்தன. சென்னையில் எழுத்தைப் பற்றிய கவலை, பிள்ளைகள் அங்கில்லை. தில்லியில் பிள்ளைகள் இருந்தார்கள், எழுத்து இல்லை. யூனிகோடு பரவி இந்திய மொழிப் பக்கங்கள் தேடலுக்குச் சிக்கும்படி ஆவதற்கு மேலும் பல ஆண்டுகள் பிடித்தன.

தேடக் கற்றுக்கொடுப்பது இணையத்தோடு பிறந்த கவலையும் அன்று. தில்லியிலேயே அதற்கொரு முன்வரலாறு உண்டு. அதன் மையத்தில் இருப்பவர் சீர்காழிக்காரர். 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். ‘நூலக அறிவியலின் ஐந்து விதிகள்’ 1931இலும் கோலன் பகுப்புமுறை 1933இலும் வெளிவந்தன. துணைவேந்தர் மாரிஸ் குவயரின் அழைப்பின்பேரில் 1947இல் தில்லிப் பல்கலைக்கழகம் வந்து, 1950களின் நடுப்பகுதி வரை அங்கே நூலகவியலை ஒரு பட்டப்படிப்பாக, ஆய்வுத்துறையாக வளர்த்தார். அதே நகரில் 1951 அக்டோபர் 27 அன்று யுனெஸ்கோவும் இந்திய அரசும் சேர்ந்து உருவாக்கிய தில்லிப் பொது நூலகத்தை நேரு திறந்துவைத்தார். பழைய தில்லி ரயில் நிலையத்துக்கு எதிரே, கட்டணமின்றி, பூட்டாத அலமாரிகளுடன் எவரும் உள்ளே நுழையக்கூடிய நூலகம். சுவரில் துளையிட்டவர்கள் விரும்பிய அதே திறப்பு, வேறொரு காலத்து வடிவில்.

ரங்கநாதன் திறந்த அலமாரியோடு நிற்கவில்லை என்பதுதான் இங்கே கவனிக்கவேண்டியது. அலமாரியைத் திறந்துவிட்டால் வாசகர் தாமே கண்டுபிடித்துக்கொள்வார் என்ற நம்பிக்கை அவருக்கு இல்லை. வாசகருக்கும் நூலுக்கும் இடையில் மனிதர் ஒருவர் நின்று இருவரையும் சேர்த்துவைக்கவேண்டும் என்று கருதினார். அதைத்தான் குறிப்புதவிச் சேவை என்று விரிவாக எழுதினார். நூலகத்துக்குப் புதிதாக வருவோர்க்கு அதைப் பயன்படுத்தும் முறையைப் பழக்குவது அச்சேவையின் ஒரு பகுதி. வாசகர் வாய்விட்டுக் கேட்பது ஒன்று, அவருக்கு வேண்டியது மற்றொன்று என்பதும், உரையாடியே இரண்டாவதைக் கண்டறிய முடியும் என்பதும் அவருடைய நூலகர்கள் கற்ற முதல் பாடங்கள்.

அவர் தந்த பகுப்புமுறையும் உண்மையில் கேள்வியை உடைக்கும் முறையே. எந்தப் பொருளையும் ஆள்வடிவம், பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என்ற ஐந்து கூறுகளாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னார். அந்த யமுனைக் கேள்வியை இப்படிப் பிரிக்கலாம்: எது? ஆற்று நீர். அதில் என்ன? நுரை. என்ன நிகழ்கிறது? மாசுபடுதல். எங்கே? ஓக்லாவுக்குக் கீழே. எப்போது? மழைக்காலத்துக்குப் பின். கோலன் பகுப்பு வல்லுநர்கள் இந்தப் பிரிப்பைச் செம்மையானதென்று ஏற்கமாட்டார்கள். ஆனால் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு ஐந்து தேடுசொற்கள் கையில் வந்துவிடுகின்றன. இந்திய நூலகவியல் மாணவர்கள் மனப்பாடம் செய்து தேர்வெழுதிய இந்த ஐந்து கூறுகளைப் பள்ளிக் கணினிப் பாடத்தோடு இணைக்கும் எண்ணம் பாடத்திட்டம் வகுத்தவர்களுக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை. நூலகம் ஒரு துறை, கணினி மற்றொரு துறை என்று பிரித்துவைத்ததன் விலை இது. பள்ளியில் நூலகர் சாவியோடு ஓர் அறையில், கணினி ஆசிரியர் இன்னொரு சாவியோடு வேறோர் அறையில்.

பள்ளிக் கணினிக் கல்வியின் தொடக்கமும் இதற்கு உதவவில்லை. 1984-85இல் மத்திய அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தில் பி.பி.சி. மைக்ரோ கணினிகள் தேர்ந்தெடுத்த பள்ளிகளுக்கு வந்தன. பேசிக் நிரல்மொழியும் கருவியின் உறுப்புகளும் பாடமாயின. இணையம் வந்தபோது அதே பாத்திரத்தில் புதிய பண்டம் ஊற்றப்பட்டது. தேடுபொறி என்பது வரையறை எழுதி மதிப்பெண் பெறும் சொல்லாயிற்று.

கல்காஜிக்குப் பின் நடந்தவற்றுள் இரண்டு இடங்கள் நின்று பார்க்கத்தக்கவை. முதலாவது தில்லியிலேயே. 2000ஆம் ஆண்டில் தில்லி அரசு என்.ஐ.ஐ.டி.யுடன் சேர்ந்து, மதன்கீர் பகுதியில் டாக்டர் அம்பேத்கர் நகரின் ஏழைக் குடியிருப்புகளில் கணினிக் கூண்டுகளை அமைத்தது. உள்ளே ஐந்து கணினிகள், சுவர்த் துளைகள் வழியே திரைகள். சுட்டிக்குப் பதில் ஆட்டக்கருவி போன்ற பிடியும் பொத்தான்களும். அங்கேயும் விசைப்பலகை இல்லை. அமெரிக்க மொழிக்கல்வி ஆய்வாளர் மார்க் வார்ஷவர் நேரில் சென்று பார்த்து 2002இல் எழுதினார். இணைய இணைப்பு அரிதாகவே வேலை செய்தது. பிள்ளைகள் அறிந்த ஒரே மொழியான இந்தியில் பயனுள்ளது எதுவும் அதில் தரப்படவில்லை. படம் வரைவதும் விளையாடுவதுமே பெருமளவு நடந்தன. கூட்டத்தில் ஆண்பிள்ளைகள் மிகுதி. பெற்றோர் சிலர் மகிழ்ந்தார்கள். வேறு சிலர், யாராவது சொல்லிக்கொடுத்தால் நன்றாயிருக்குமே என்றார்கள். கல்விக் கோட்பாட்டாளர்கள் தலையீடு வேண்டாம் என்றபோது, கூலித் தொழிலாளரான பெற்றோர் ஆசிரியரைக் கேட்டார்கள். இந்த வரலாற்றில் மிகக் குறைவாக மேற்கோள் காட்டப்படும் குரல் அதுவே.

இரண்டாவது இடம் தமிழ் பேசும் கடலோரச் சிற்றூரான காளிக்குப்பம். சுகதா மித்ராவும் ரீட்டு டங்வாலும் 2010இல் பிரிட்டிஷ் கல்வித் தொழில்நுட்ப ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை, இத்தொடரிலேயே துணிச்சலான கேள்வியை எழுப்பியது. ஆங்கிலம் சரிவர அறியாத தமிழ்ப் பிள்ளைகள், மூலக்கூற்று உயிரியலைச் சுவர்க் கணினி ஒன்றின் துணையோடு தாமே கற்க முடியுமா? ஒப்பீட்டுக்கு இரு குழுக்கள்: அருகிலுள்ள அரசுப் பள்ளி மாணவர், ஆங்கிலத்தில் தேர்ந்த தகுதிவாய்ந்த ஆசிரியர்களிடம் அப்பாடத்தைக் கற்ற புதுதில்லித் தனியார் பள்ளி மாணவர். கிராமத்துப் பிள்ளைகள் முதலில் அரசுப் பள்ளி மாணவருக்கு இணையான மதிப்பெண்ணை எட்டினர். பின்னர் உயிரியல் அறியாத, ஆனால் பிள்ளைகளோடு பழகி ஊக்குவித்த ஓர் இளம்பெண்ணின் துணையோடு தில்லிப் பள்ளிக்கு இணையாக வந்தனர். மித்ரா பொதுமேடைகளில் சொன்ன கணக்குப்படி சுழியத்திலிருந்து 30 விழுக்காடு, பிறகு 50.

இதைப் படிக்கும் தமிழருக்குப் பெருமிதம் வருவது இயல்பு. ஆனால் ஒரு விவரம் மறுபடியும் இடறுகிறது. டி.என்.ஏ. படியெடுப்புப் பற்றிய பக்கங்களை இணையத்திலிருந்து இறக்கி அந்தக் கணினியில் வைத்தவர் தாமே என்று மித்ரா 2013ஆம் ஆண்டு உரையில் கூறுகிறார். அப்படியெனில் தேடியவர் முனைவர் பட்டம் பெற்ற ஆய்வாளர். எந்தச் சொல்லை இடுவது, வந்தவற்றுள் எதை விடுவது, எதை நம்புவது ஆகிய மூன்று வேலைகளும் பிள்ளைகள் கணினியைத் தொடுமுன்பே முடிந்திருந்தன. பிள்ளைகள் செய்தது கூட்டு வாசிப்பு. அரிய சாதனை, ஆனால் தேடல் அன்று. அந்த இளம்பெண்ணின் பங்கும் கூர்ந்து பார்க்கத்தக்கது. ‘இது என்ன, இதை எப்படிப் புரிந்துகொண்டீர்கள்’ என்று பின்னாலிருந்து வியந்து கேட்பதே அவருக்குத் தரப்பட்ட வழி. பாட்டிமார் முறை என்று மித்ரா இதை அழைத்தார். 30க்கும் 50க்கும் இடைப்பட்ட தொலைவைக் கடக்கவைத்தது ஒரு மனிதரின் கேள்வி என்பதை அந்தக் கட்டுரையின் தலைப்பே ஒப்புக்கொள்கிறது. தன்னமைவுக் கற்றலின் எல்லைகள் பற்றியது அது. கட்டுரையைப் படிக்காமல் உரையை மட்டும் கேட்டவர்கள்தான் ஆசிரியரே வேண்டாம் என்ற முடிவுக்கு விரைந்தார்கள்.

மித்ராவின் பிற்காலப் பணி இந்த இடத்தை நோக்கியே நகர்ந்தது என்பதையும் சொல்லவேண்டும். நியூகாசில் பல்கலைக்கழகத்துக்குச் சென்றபின் அவர் வடிவமைத்த வகுப்பில், பிள்ளைகள் ஏறத்தாழ நால்வராகக் கூடி ஒரு கணினியின் முன் அமர்கிறார்கள். ஆசிரியர் பெரிய கேள்வி ஒன்றை இடுகிறார். குழு மாறலாம், பிற குழு என்ன செய்கிறது என்று எட்டிப் பார்க்கலாம், இறுதியில் கண்டதைச் சொல்லவேண்டும். இங்கே தேடல்தான் நடுப்பொருள். 2013இல் பத்து லட்சம் டாலர் டெட் பரிசு பெற்றபின் அமைத்த ஆய்வுக்கூடங்களுள் ஒன்று, 2014இல் அதே கல்காஜியில் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் திறக்கப்பட்டது. தெருச்சுவரில் பெண்பிள்ளைகளுக்கு எட்டாமல் போனது, பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் பள்ளிச் சுற்றுச்சுவருக்குள் வந்தது. திறந்த வெளியில் வைக்கப்பட்ட பொருள் எல்லோருக்கும் திறந்ததாக ஆகிவிடாது என்பதை மதன்கீரில் சிறுமிகளின் இன்மை ஏற்கெனவே காட்டியிருந்தது. உத்தராகண்டின் அல்மோராவிலும் ஹவல்பாகிலும் கைவிடப்பட்ட கூண்டுகளைப் பாயல் அரோரா ஆராய்ந்து, காளிக்குப்பக் கட்டுரை வெளிவந்த அதே 2010இல், அதே ஆய்விதழில் எழுதியது இதன் மறுபக்கம். அமைப்பும் பராமரிப்பும் பள்ளியின் ஆதரவும் இல்லாத இடத்தில் துளை மட்டுமே மிஞ்சுகிறது.

தேடிக் கண்டதை எடைபோடும் பகுதிக்கு இப்போது ஓரளவு உறுதியான சான்றுகள் உள்ளன. ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் வரலாற்றுப் பேராசிரியர், இளங்கலை மாணவர், உண்மை சரிபார்க்கும் இதழியலாளர் ஆகிய மூன்று குழுக்களை ஒப்பிட்டனர். நம்பத்தகாத தளத்தைப் பேராசிரியர்களும் மாணவர்களும் மேலிருந்து கீழாக வாசித்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்களோ சில நொடிகளில் அத்தளத்தை விட்டு வெளியேறி, அதைப் பற்றிப் பிறர் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். பேராசிரியர்களுக்கும் இது கற்றுக்கொடுக்கவேண்டியதாயிருந்தால், பள்ளிப் பிள்ளைகள் தாமே கண்டுகொள்வார்கள் என்று எதிர்பார்க்க அடிப்படை இல்லை. கற்பித்தலின் அளவும் முக்கியம். பொய்ச் செய்தியை அடையாளம் காண ஒரு மணி நேரப் பயிற்சி தந்து சுமித்ரா பத்ரிநாதன் பீகாரில் செய்த ஆய்வில் (2021) குறிப்பிடத்தக்க பலன் தென்படவில்லை. பின்னர் அவரும் உடனாய்வாளர்களும் அதே மாநிலத்தில் 13,000க்கும் மேற்பட்ட பள்ளி மாணவரிடம் பல வாரங்கள் வகுப்பு நடத்தியபோது விளைவு தெளிவாக இருந்தது. மாதங்கள் கழிந்தும் நிலைத்தது, வீட்டிலுள்ள பெற்றோரையும் எட்டியது. அவ்வகுப்புகள் நடந்த இடம் அரசு ஆதரவிலான ஊர் நூலகங்கள்.

இதற்குள் கருவி மாறிவிட்டது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் இணையம் மலிந்து கைப்பேசிக்கு வந்தது. இந்தியைத் தொடர்ந்து 2017இல் தமிழ் உள்ளிட்ட எட்டு இந்திய மொழிகளில் கூகுள் குரல்வழித் தேடலைத் தந்தது. கல்காஜியில் இல்லாத விசைப்பலகை இப்போது தேவையே இல்லை, எழுத்தறியாதவரும் கேட்கலாம். 2024 ஆகஸ்டில் இந்தியாவில் அறிமுகமான செயற்கை நுண்ணறிவுச் சுருக்கம், பட்டியலுக்கு மேலே நேரடி விடையையே இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தருகிறது. காளிந்தி குஞ்சுச் சிறுமி இன்று ‘யமுனா மேம் ஜாக் க்யோம்’ என்று கைப்பேசியிடம் கேட்டால் பாஸ்பேட்டு பற்றிய பத்தி ஒன்று வந்துவிடக்கூடும். அவள் சொல்லுக்கும் விடை எழுதியவர் சொல்லுக்கும் இடையிலிருந்த தொலைவைப் பொறி கடந்துகொள்கிறது. 1987இல் அளக்கப்பட்ட சிக்கலுக்கு இதைவிடப் பெரிய தீர்வு இதுவரை வந்ததில்லை. ஆனால் அந்தப் பத்தி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, நகராட்சி சொன்னதா, சலவைத்தூள் நிறுவனம் சொன்னதா, ஆய்வகம் அளந்ததா என்று கேட்டு மறுபடி ஒரு சொல்லை இடவேண்டிய அவசியம் அவளுக்குத் தோன்றாமல் போகலாம். குறிப்புதவி மேசையில் நூலகர் வாசகரைக் கொண்டுசெய்ய வைத்தது அந்த இரண்டாவது தேடலை. காளிக்குப்பத்து இளம்பெண் பிள்ளைகளின் பின்னால் நின்று கேட்டதும் ஏறத்தாழ அதையே. தில்லிப் பள்ளிகளில் அதைக் கேட்கப்போவது யார், எந்தப் பாடவேளையில், நூலகரா கணினி ஆசிரியரா என்பது பாடத்திட்டக் குழுக்கள் முடிவு செய்யவேண்டிய நடைமுறைக் கேள்வி.